முதலாம் எண் இல்லாத மூன்று நிமிடம்

அந்த ரக்பி ஆட்டத்தாளில் மூன்று நிமிடம் இடித்தது. முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் முதலாம் எண்காரர் முப்பத்தொன்றாம் நிமிடத்தில் வெளியே போயிருக்கிறார். முப்பத்துநான்காம் நிமிடத்தில் அதே ஆள் திரும்ப உள்ளே வந்திருக்கிறார். நடுவில் அவர் இடத்தில் நின்றது யார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய ஆட்டம், வேறொரு நாட்டில் நடந்தது. மேசையில் உட்கார்ந்து எழுதியவர், மாற்று ஆள் நிரந்தரமாக இறங்கியிருந்தால் மட்டுமே அவர் எண்ணைக் குறித்திருக்கிறார். அடி பட்டு ரத்தம் வந்தால் ஆட்டக்காரர் வெளியே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடத்துக்குள் திரும்பலாம்; அதுவரை அவர் இடத்தில் இன்னொருவர் ஆடலாம். முதலாம் எண் அப்படித்தான் போய் வந்திருக்க வேண்டும். அந்த இன்னொருவரைத்தான் காணவில்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரக்பி சங்கத்தின் பதிவுப் பிரிவில் எனக்கு வேலை. வெளிநாட்டில் பிறந்த ஆட்டக்காரர் நம் நாட்டுச் சட்டையைப் போடலாமா கூடாதா என்று கோப்பைப் படித்துச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். போதாது. ஆட்டக்காரர் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா அம்மா, தாத்தா பாட்டி இவர்களில் ஒருவராவது இங்கே பிறந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அறுபது மாதம் தொடர்ச்சியாக இங்கே பதிவாகி ஆடியிருக்க வேண்டும். இது முதல் கதவு. இரண்டாவது கதவைப் பலரும் மறந்துவிடுவார்கள். வேறு நாட்டின் பெரிய அணிக்கோ, அதற்கு அடுத்தது என்று அந்த நாடு அறிவித்த அணிக்கோ அவர் ஆடியிருக்கக் கூடாது. சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கணக்கில் வராது. கோட்டைத் தாண்டிக் களத்தில் கால் வைத்துவிட்டால் அவர் அந்த நாட்டு ஆள். எண்பது நிமிடமானாலும் எண்பது விநாடியானாலும் ஒன்றுதான். மூன்று வருடம் ஒதுங்கியிருந்து நாடு மாறிக்கொள்ள இப்போது வழி உண்டு. ஆனால் அது பிறப்பையோ பெற்றோர் வழியையோ காட்ட முடிந்தவர்களுக்கு. மாதம் எண்ணி வந்தவர்களுக்கு அந்த வழியும் கிடையாது.

பீரோ மாதம் எண்ணி வந்தவர். அவரை இங்கே எல்லோரும் பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள். கதவுக்குள் நுழையும்போது கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித்தான் வருவார். "பீரோ வருது, சுவரைத் தள்ளி வைங்க" என்று பயிற்சியாளர்கள் கத்துவார்கள்; அவரும் சிரித்துக்கொண்டே ஒரு தோளை இறக்குவார். இடது ஓரத்து ஆள். போன மாதத்தோடு அவருடைய அறுபது மாதமும் முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நாட்டு அணியின் பட்டியல் போகிறது, அதில் அவர் பெயர் உண்டு என்று தேர்வுக் குழுவே சொல்லிவிட்டது. சொந்த நாட்டில் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அவர் மனைவி இங்கே சலவை நிலையத்தில் துணி பிரிக்கிறார். நாட்டை விட்டு ஒரு வாரம் வெளியே போனாலும் மாதக் கணக்கு முறிந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, சொந்த அப்பாவின் சாவுக்குக்கூடப் பீரோ போகவில்லை. போயிருக்கலாம், பதிவு இங்கேயே இருந்தால் போதும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. தெரிந்த பிறகு அவர் என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவருடைய நாட்டின் அந்த அடுத்த அணியில் மாற்று ஆளாக அவரைச் சேர்த்திருந்தார்கள். பதினேழாம் எண். 'களமிறங்கவில்லை' என்று அந்த நாட்டுச் சங்கம் கடிதம் அனுப்பி, ஆட்டத்தாளையும் இணைத்திருந்தது. இணைக்காமல் இருந்திருந்தால் கோப்பு திங்கட்கிழமையே முடிந்திருக்கும்.

"என்னம்மா, பீரோ கோப்பு ஆச்சா?" என்றார் செயலாளர் புதன்கிழமை.

"மூணு நிமிஷம் இடிக்குது சார்."

"மூணு நிமிஷமா? நான் கண்ணாடியைத் தேடி எடுக்கவே அவ்ளோ நேரம் ஆகும்மா." தாளை வாங்கிப் பார்த்தார். "அவங்களே ஆடலைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. நீ ஏன் தோண்டுறே?"

"நாளைக்கு வேற யாராவது தோண்டினா அவர் ஆடின ஆட்டத்துக்கெல்லாம் நம்ம புள்ளி போயிடும் சார்."

அவர் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள்ள கோப்பு வேணும்" என்று மட்டும் சொல்லிப் போனார்.

நடுவரின் தனி அறிக்கையைக் கேட்டு அன்றைக்கே எழுதினேன். வியாழன் மதியம் வந்துவிட்டது. முப்பத்துமூன்றாம் நிமிடத்தில் ஒரு ஸ்க்ரம். அதை இடது ஓரத்தில் சரித்ததற்காகப் பீரோவின் அணிக்குத் தண்டனை. இதை விளக்கினால்தான் அந்த ஒரு வரி எதைக் காட்டிக்கொடுத்தது என்று புரியும். ஸ்க்ரம் என்றால் இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து தோளோடு தோள் பூட்டிக்கொண்டு தள்ளுவது. மும்மூன்று பேர் நிற்கும் இரண்டு முன்வரிசைகளின் தலைகளும் ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருக்கும். ஏறக்குறைய ஒன்றரை டன் எடை ஆறு கழுத்துகளின் மேல் வந்து நிற்கும். பழகாத கழுத்து முறியும். அதனால் முன்வரிசைக்கென்று பயிற்சி பெற்ற ஆள் இல்லாவிட்டால் தள்ளவே கூடாது என்று நடுவர் சொல்லிவிடுவார். இரண்டு பக்கமும் சும்மா பூட்டிக்கொண்டு நிற்கும். தள்ளாத ஸ்க்ரமில் சரித்ததற்குத் தண்டனை வராது. தண்டனை வந்திருக்கிறது. ஆகவே தள்ளியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் நின்றிருக்கிறார்.

பெஞ்சில் அப்படிப்பட்டவர்கள் மூன்றே பேர். பதினெட்டு வலது ஓரத்துக்கானவர். இருபத்தாறாம் நிமிடத்திலேயே காயம்பட்ட மூன்றாம் எண்ணுக்காக இறங்கிவிட்டார். அது தாளில் இருக்கிறது. மிச்சம் பதினாறும், பீரோவின் பதினேழும். பதினாறு நடுவில் நிற்பவர். அவசரத்துக்கு ஓரத்திலும் நிற்கத் தெரிந்தவர்கள் உண்டு. பதினாறாக இருக்கக் கூடாதா என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன். சாயங்காலம் அலுவலகம் முடிந்ததும் பீரோ வீட்டுக்கு நடந்தேன்.

இரண்டு அறை வீடு. பீரோ உட்கார்ந்தால் சோபாவில் வேறு யாருக்கும் இடமில்லை, அதனால் நான் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுப்புக்கு மேலே 'அணைத்தாயிற்றா?' என்று ஒரு காகிதம். வாசல் கதவின் உள்பக்கம் 'சாவி, போன், பாப்பா ஸ்கூல் மூன்று மணி' என்று இன்னொன்று. மனைவியின் கையெழுத்து. நான் அதைப் படிப்பதை மனைவி பார்த்துவிட்டார்.

"மறதி ஜாஸ்தியாயிடுச்சு அக்கா இவருக்கு. போன வாரம் பாப்பாவைக் கூட்டிட்டு வரப் போனவர், பழைய வீட்டு வாசல்ல போய் நின்னுட்டிருக்கார்."

"அவ பெரிசு பண்றா" என்றார் பீரோ. "ரெண்டு தெருதான் தள்ளி."

நான் ஆட்டத்தின் தேதியையும் தாளில் இடித்த மூன்று நிமிடத்தையும் சொன்னேன். அன்றைக்குக் களத்தில் இறங்கினீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"இல்லையே அக்கா. பெஞ்சுலயேதான் இருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனே." நெற்றியைத் தேய்த்தார். "நல்ல மழை அன்னிக்கு."

"மழையா?" மனைவி காய்ந்த துணியை மடித்துக்கொண்டே சிரித்தார். "கொளுத்துற வெயில். உங்களுக்கு எங்க ஞாபகம் இருக்கப்போகுது. அந்த ஆட்டம் முடிஞ்சு வந்து ஒன்பது நாள் ஜன்னலைத் திறக்க விடலை. வெளிச்சம் பட்டாலே வாந்தி. கழுத்துல வலப்பக்கம் பூரா தோல் வழண்டுபோயி, நான்தானே மருந்து போட்டேன்."

"பெஞ்சுல உட்கார்ந்தா கழுத்துத் தோல் வழண்டு போகுமாடி?" என்று பீரோ கேலியாகக் கேட்டார். கேட்ட வாய் அப்படியே நின்றது.

இடது ஓரத்தில் நிற்பவருக்கு எதிராளியின் தலை வலப்பக்கம் மட்டும்தான் உரசும். அவருடைய இடப்பக்கம் திறந்தவெளி. நடுவில் நிற்பவராக இருந்தால் இரண்டு பக்கமும் உரசியிருக்கும். இதை அந்த வீட்டில் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த அறையில் இருந்த மூன்று பேரில் அதை மிக நன்றாக அறிந்தவர் பீரோதான். அவர் கை மெதுவாகக் கழுத்தின் வலப்பக்கத்துக்குப் போனது.

மனைவி மடித்த துணியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"நான் பொய் சொல்லலை அக்கா" என்றார் பீரோ. "சத்தியமா எனக்கு அது இல்லை. தேடிப் பார்க்கிறேன், அங்க ஒண்ணுமே இல்லை."

"தெரியும்" என்றேன்.

"மூணு நிமிஷமா?"

"மூணு நிமிஷம்."

அவர் தலையை ஆட்டினார். யாரோ வேறொருவருடைய காயத்தைப் பற்றிக் கேட்டதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல்.

மனைவி வாசல்வரை கூட வந்தார். கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு, "நான் வாயை வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்றார். நான் செருப்பை மாட்டும்போது அவரே கேட்டார்: "எழுதிட்டா இனி எப்பவும் இல்லையா அக்கா? இன்னொரு அறுபது மாசம் இருந்தாலும்?"

"எப்பவும் இல்லைம்மா."

"எழுதலைன்னா அடுத்த மாசமே அடிபட்ட தலையை இன்னும் பெரிய ஆட்டத்து ஸ்க்ரமுக்குள்ள கொண்டு போய்ச் சொருகுவார்." அதை அவர் கேள்வியாகக் கேட்கவில்லை. எழுதச் சொன்னாரா, வேண்டாமென்றாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளே பீரோ மனைவியைக் கூப்பிட்டு, சாவி எங்கே என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டேன். கூட்டுபவர் வாளியை வைத்துவிட்டு என் மேசைக்குக் கீழே துடைக்கக் காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'முந்தைய ஆட்டங்கள் பற்றிய விளக்கம்' என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருடத்தில் பெரும்பாலும் ஒரு கோடு போட்டு விட்டுவிடுகிற கட்டம் அது. செயலாளர் அறையில் விளக்கு எரிந்தது. ஈரத் தரை காய்வதற்குள் எழுதி முடித்தேன்: முப்பத்தொன்றாம் நிமிடம் முதல் முப்பத்துநான்காம் நிமிடம் வரை முதலாம் எண்ணின் இடத்தில் ஆடியவர் பதினேழாம் எண்.