கேப்டன் மடித்த போர்வை

இருமலை அடக்கலாம் கண்ணுகளா, மூக்கைப் பிடித்துக்கொண்டால் தும்மலைக்கூட அடக்கிவிடலாம். சந்தோஷத்தை மட்டும் அடக்க முடியாது. வாயை மூடினால் வயிற்றில் உருளும், வயிற்றை அமுக்கினால் வாய்க்கு வந்து நிற்கும். அந்த வாரம் முழுக்கக் காஜாக்காரி பட்ட பாடு அதுதான்.

பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் அது. நீள அறை, இரண்டு வரிசை மெஷின், ஒரு கோடியில் துணி வெட்டும் பெரிய மேசை, சன்னலோரம் இஸ்திரி மேசை. சட்டையில் பொத்தான் நுழைகிற துளைக்கு நூல் சுற்றிக் காஜா போடுகிறவள் அவள். மெஷின் இரைச்சலைத் தாண்டிக் கேட்கிற குரல் அவளுக்கு. அதனால் அங்கே ஒரு வழக்கம்: மத்தியானத்துக்கு மேல் அவள் கதைப் புத்தகம் வாசிக்க வேண்டும், அவள் பங்குக் காஜாவை மற்றவர்கள் பிரித்துப் போட்டுவிடுவார்கள். வாசிப்பதும் வேலைதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. புருஷன் இன்னொருத்தியோடு போய், கோர்ட்டில் விவகாரம் முடிந்து, வருஷக்கணக்காகத் தனி வீடு. போன ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. இஸ்திரிக்காரரும் அதே கூரைக்கடியில் ஒதுங்கினார். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத ஒல்லி மனுஷன், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். "பக்கத்துலதான் வீடு, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள். டீ ஆறியது. மழை விட்டது. அவர் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வந்தது வினை. அதுவரை வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிட்டவளுக்குக் கூப்பிட வார்த்தை இல்லை. "இந்தாங்க," "அது ஆச்சா" என்று அவர் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியோடு பேசினாள்.

தப்புச் செய்துவிட்டோம் என்று ஒரு கணம்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பயம் வேறு. புருஷன் போன நாளிலிருந்து அவளுக்கு வீடும் உறவும் இந்தக் கூடம்தான். தெரிந்தால் இவர்கள் என்ன சொல்வார்கள்? தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்க விடுவார்களா? நேரே கேட்க முடியாது. கதையில் வைத்துக் கேட்டுப் பார்த்தால் என்ன?

அப்போது வாசித்துக்கொண்டிருந்தது ஒரு தடிமனான நாவல். அதில் ஒருத்தி துறைமுகத்தில் நின்று கப்பல் கேப்டனை நினைத்துப் பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விடுவாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் காஜாக்காரி புத்தகத்தைத் திறந்தாள், கண்ணைப் பக்கத்தில் வைத்தாள், வாயில் தன் ஞாயிற்றுக்கிழமையை எடுத்தாள்.

"அன்று மழை. கேப்டன் அவள் வீட்டுக்கு வந்தான். டீ ஆறிப்போனது. அவள் விளக்கை அணைக்கவில்லை, மத்தியானந்தானே."

வரிசையாக மெஷின்கள் நின்றன.

"ஐயையோ!" என்றாள் காலர் தைக்கிற சின்னவள். முகமெல்லாம் பல். "அப்புறங்க்கா?"

கட்டிங் அக்கா கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். அந்தக் கூடத்தில் வயதில் மூத்தவள், அவள் வைத்ததுதான் சட்டம். "அப்புறம் என்ன அப்புறம்? முடிஞ்சுது அவ கதை. இனி ரெண்டே வழி. ஒண்ணு கல்யாணம், இல்ல கிணறு. எந்தக் கதையில வேற மாதிரி பாத்திருக்கே?"

"அப்போ அவனுக்கு என்ன வழிக்கா?"

"அவனுக்கென்ன, கப்பல் ஏறிப் போவான்."

"இது என்னக்கா நியாயம்? ரெண்டு பேருந்தானே டீ குடிக்காம இருந்தாங்க?"

"நீ கதை கேக்க வந்தியா, நியாயம் கேக்க வந்தியா?"

"அவ கிணத்துல விழுந்தா நான் நாளையிலிருந்து காதுல பஞ்சு வச்சுக்குவேன்," என்றாள் சின்னவள்.

காஜாக்காரி அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சரிவில் இறங்கின சைக்கிளுக்குப் பிரேக் ஏது?

"மாலையில் கேப்டன் எழுந்தான். போர்வையை எடுத்து இரண்டு உதறு உதறினான். நுனியோடு நுனி சேர்த்து நாலாக மடித்தான். மடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே நீவாக நீவினான். பிறகு குனிந்து, கோணல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தான்."

கட்டிங் அக்காவின் புருவம் ஏறியது. "ஏண்டி, கப்பல் ஓட்டறவன் எதுக்குப் போர்வையை நீவறான்?"

அந்தக் கேள்விக்குப் பதில் வாசனையாக வந்தது. கருகல் வாசனை. எல்லாத் தலையும் சன்னல் பக்கம் திரும்பியது. அங்கே இஸ்திரிக்காரர், ஒரு சட்டையின் மடிப்பில் உள்ளங்கையை வைத்தபடி, ஒற்றைக் கண்ணை மூடியபடி, அப்படியே சிலையாக நின்றார். பக்கத்துச் சட்டையின் காலர் மேல் இஸ்திரிப் பெட்டி புகைந்துகொண்டிருந்தது.

"அண்ணே, காலரு!" என்று அலறினாள் சின்னவள். அலறி முடிக்கும் முன்பே அவளுக்கு விளங்கிவிட்டது. "அடப்பாவி! இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தேனே!"

காஜாக்காரிக்குப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது. இஸ்திரிக்காரர் கருகின சட்டையைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவுக்கு வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அந்த மனுஷன் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் கப்பல் ஏறிப் போறவன் இல்ல. கட்டிக்கறேன். நாளைக்கேன்னாலும் சரி."

கூடம் கைதட்டியது. "அப்பாடா, கிணறு தப்பிச்சுது," என்றாள் கட்டிங் அக்கா.

"நான் கேட்டேனா?" என்றாள் காஜாக்காரி.

கைதட்டல் பாதியில் நின்றது.

"கையில கருகின காலரை வச்சுக்கிட்டு யாராச்சும் பொண்ணு கேப்பாங்களா? பயந்துபோய்ச் சொல்றீங்க. எனக்கு அன்னிக்கு மத்தியானம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. இப்போதைக்கு எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். கல்யாணம் நான் ஒரு தடவை பண்ணிப் பாத்தவ. அதுக்கு அவசரமில்ல. கதவைத் தட்டினா திறப்பேன், அதுல சந்தேகமில்ல."

இஸ்திரிக்காரர் யோசித்தார். நெற்றி வியர்வையைக் கருகின சட்டையாலேயே துடைத்தார்.

"அப்போ... ஞாயித்துக்கிழமை?"

அவ்வளவுதான். சின்னவள் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஒருத்தி நூல்கண்டை அவர்மேல் எறிந்தாள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல் எடுத்துவிட்டது.

கட்டிங் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

டீ வந்தது. எல்லோரும் வழக்கம்போல் வட்டமாகத் தரையில் உட்கார்ந்தார்கள். கட்டிங் அக்கா தன் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சரி, இந்த வட்டம் நமக்கு இன்றோடு போயிற்று என்று காஜாக்காரி தன் டம்ளரைக் கீழே வைத்தாள். அக்கா வட்டத்தைச் சுற்றிவந்தாள், இவளுக்கும் சின்னவளுக்கும் நடுவே முழங்கையால் இடித்து இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். டீயை ஊதினாள். பிறகு இவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"ஏண்டி, கல்யாணமான நாள்லேருந்து எனக்கு அந்த ஒரே மனுஷந்தான். வேற யாரும் வேணும்னு தோணினதே இல்ல. நான் எதாச்சும் கோட்டை விட்டுட்டேனா?"

காஜாக்காரி திகைத்துப்போனாள். தீர்ப்புச் சொல்லப்போகிறவள் என்று யாரைப் பார்த்து நடுங்கினாளோ, அவள் இவளிடம் தீர்ப்புக் கேட்கிறாள்.

"அவரைப் பாத்தா இப்பவும் உங்களுக்குச் சிரிப்பு வருதாக்கா?"

"பாக்கவே வேணாம். குறட்டை விட்டாலே வரும்."

"அப்புறம் என்னக்கா குறை?"

கட்டிங் அக்காவுக்கு அப்போதுதான் வந்தது சிரிப்பு. டம்ளர் குலுங்கி டீ புடவையில் சிந்தியது. "சீ, தள்ளி உக்காரு," என்று காஜாக்காரியின் தோளை இடித்தவள், தள்ளி உட்கார விடாமல் அந்தத் தோளிலேயே சாய்ந்துகொண்டு குலுங்கினாள்.