ஐந்தாவது இன்னிங்ஸில் வழியனுப்பு

பேஸ்பால் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ள அன்று மாலை ஆறு மணிதான் கடைசிக் கெடு. காலையிலேயே அணியின் மேலாளர் மார்சியா, மூத்த ஆட்டக்காரன் ரொக்கேவைத் தன் அறைக்குக் கூப்பிட்டிருந்தார்.

டகோமா அணி அவனைக் கேட்கிறது, பதிலுக்கு மூன்று இளம் பந்துவீச்சாளர்களைத் தருகிறது என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். அவனுக்கு முப்பத்து நான்கு வயது. ஒப்பந்தம் இந்த ஆட்டப் பருவத்தோடு முடிகிறது. லூயிவில் ஹெரான்ஸ் அணியோ தரவரிசையின் அடியில் கிடக்கிறது. பருவம் முடிந்து அவன் விலகிப் போனால் அணிக்கு ஒன்றும் மிஞ்சாது. இன்று கொடுத்தால் மூன்று பேர் கிடைப்பார்கள்.

ஆனால் பெரிய லீகில் பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவனை அவன் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது. ரொக்கே லூயிவிலுக்கு வந்தே பதினோரு வருஷம். அவனாக வாய் திறந்து சரி என்று சொன்னால்தான் உண்டு.

ஆட்டம் முடிந்து சொல்கிறேன் என்றான். இன்று ஆட வேண்டாம், அடி கிடி பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று மார்சியா கெஞ்சிப் பார்த்தார்.

"நான் சரின்னு சொல்ற வரைக்கும் இங்கதானே இருக்கேன்? அப்போ ஆடுவேன்."

முடியாது என்றுதான் சொல்லப்போகிறான். படி இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டான். மனைவி யமில்கா பிரிந்து, மகளோடு சாந்தியாகோவுக்குத் திரும்பிப் போன பிறகும் அவன் அந்த ஆற்றங்கரை வீட்டிலேயேதான் இருந்தான். முட்டை வாங்கப் போனால் கல்லாவில் இருப்பவர் முந்தின நாள் ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். முடிவெட்டும் இடத்தில் திட்டுவார்கள். டகோமாவில் யார் அவனைத் திட்டப்போகிறார்கள்?

மதிய ஆட்டம். ஐந்தாவது இன்னிங்ஸில் பந்தை இடப்பக்கம் தட்டிவிட்டு முதல் தளத்துக்கு ஓடினான். தொடை லேசாகப் பிடித்தது. குனிந்து ஒருமுறை தேய்த்துவிட்டான். அவ்வளவுதான். பயிற்சியாளர் லண்ட் அதைப் பார்த்துவிட்டார். அவனுக்குப் பதிலாக ஓட இளைஞன் கேசனை அனுப்பி, ரொக்கேவைக் கைகாட்டி உள்ளே அழைத்தார். காரணம் சொல்லவில்லை. அவர் யாருக்கும் சொல்பவர் இல்லை.

மற்ற நாளாக இருந்தால் யாரும் தலை தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். கெடு நாளில் ஒருவனை ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: அவனை விற்றாகிவிட்டது. அறிவிப்புக்கு எவரும் காத்திருப்பதில்லை. எழுந்து வந்து கட்டிக்கொள்வார்கள். ரொக்கேயே எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறான்.

அவன் பெஞ்சை நெருங்கும்போது எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

முதலில் வந்தவன் டெவ்லின், பந்துபிடிப்பவன், பல வருஷமாக உடைமாற்றும் அறையில் அவன் பக்கத்து அலமாரிக்காரன். டகோமா பேச்சு ஒரு வாரமாக ரேடியோவில் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க எப்பப் பாத்தாலும் மழைடா கிழவா. துரு பிடிச்சிடப்போற," என்று முதுகில் தட்டினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "கதவுகிட்ட கார் நிறுத்துவியே, அந்த இடம் எனக்குத்தான். எவன் கேட்டாலும் தராதே. வந்த நாள்லேர்ந்து கண்ணு வச்சிருக்கேன்."

ரொக்கேவும் சிரித்தான். நான் இன்னும் ஒத்துக்கலடா என்பது நாக்கு நுனிவரை வந்தது. அடுத்தவன் கேட்பான், அப்போது சொல்லலாம் என்று இருந்தான். சம்மதம் சொன்னியா என்று யாராவது ஒருத்தன் கேட்பான். அவனுக்கு அந்த உரிமை இருப்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வரிசையாக வந்தார்கள். ஒருவன் நன்றி சொன்னான். ஒருவன் அழுதான். அழுதபடியே, ரொக்கேவின் தோளுக்கு மேலாக, களத்தில் கேசன் எப்படி நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டான். யாரும் கேட்கவில்லை.

அதற்குள் அரங்கம் முழுக்க எழுந்து அவன் பெயரைச் சொல்லத் தொடங்கியிருந்தது. டெவ்லின் பிடித்துத் தள்ள, பெஞ்ச் இருக்கும் பள்ளத்திலிருந்து படியேறி வெளியே வந்து தொப்பியைத் தூக்கிக் காட்டினான். முன்வரிசையில் அவன் எண் போட்ட சட்டையோடு ஒரு பெண் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் போனில் படம் எடுத்தாள். போகாதே என்று ஒரு குரலாவது வருமா என்று காது கொடுத்தான். கைதட்டல்தான் வந்தது. மனதாரத்தான் தட்டினார்கள்.

உடைமாற்றும் அறையில் யாரும் இல்லை. மார்சியா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நான் யார்கிட்டயும் வாயே திறக்கல ரொக்கே. லண்ட் உங்க தொடையைப் பாத்துட்டுத்தான் எடுத்தாராம். தொடைப் பிடிப்புதான்னு இப்பவே மைக்ல சொல்லச் சொல்றேன். நாளைக்கு நீங்க வழக்கம்போல ஆடலாம்."

நாளைக்கு வந்து நிற்பதை ரொக்கே நினைத்துப் பார்த்தான். அழுது முடித்தவர்கள் நடுவே அதே அலமாரி. டெவ்லின் சங்கடப்பட்டுக் காரை வேறு இடத்தில் நிறுத்துவான்.

"காலைல நீங்க சொன்னதெல்லாம் கணக்கு. நிஜத்தைச் சொல்லுங்க. என்னை ஏன் அனுப்பணும்?"

மார்சியா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீங்க இருக்கற வரைக்கும் நாங்க தோத்தாலும் அரங்கம் நிறையுது. நிறையற வரைக்கும் முதலாளி எதையும் மாத்தமாட்டார். ஜனங்க அணியைப் பாக்க வரல, உங்களைப் பாக்க வராங்க. அவங்களுக்கு உங்க மேல அவ்வளவு உசிரு. அதனாலதான்."

ரொக்கே காலணியின் கயிற்றை அவிழ்த்தான்.

"உசிருதான். ஆனா நல்லாவே வழியனுப்பிட்டாங்க," என்றான். பிறகு, "சரி. போறேன்."

அவர் நன்றி சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று கை காட்டினான்.

பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது உள்ளே ஒரு ஆரவாரம் கிளம்பியது. இத்தனை வருஷமும் அதற்குள்ளேயே நின்றிருக்கிறான். வெளியிலிருந்து கேட்பது இதுதான் முதல் முறை. பந்து எங்கே போயிற்று, யார் ஓடினார்கள், ஒன்றும் புரியவில்லை.

வாசல் காவலாளி ரேடியோவின் மேல் குனிந்திருந்தார்.

"என்ன ஆச்சு?"

"கேசன்தான். எல்லைச் சுவர் வரைக்கும் அடிச்சிட்டான், ரெண்டு ரன்," என்றார் நிமிராமலே. பிறகுதான் நிமிர்ந்தார். முகம் மாறியது. அவசரமாக ரேடியோவைக் குறைத்தார்.

"குறைக்க வேணாம். இருக்கட்டும்," என்றான் ரொக்கே. பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னிங்ஸ் முடியும் வரை வாசல் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.