கப்பல்காரர் இறங்கிய குளம்

இஸ்ரவேலுக்கு நீந்தத் தெரியாது. அது தனக்கு மட்டுமே தெரியும் என்றுதான் அவர் மனைவி சத்தியபாய் வெகுகாலம் நினைத்திருந்தாள்.

ஜெர்மன் சண்டையின்போது பம்பாய்க்குப் போய்க் கப்பற்படையில் சேர்ந்தவர் அவர். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய வாரத்தில், சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னார். அவருக்கு வேலை கப்பலின் அடிவயிற்றில், பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுவது. கடலைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். "ஏட்டி, நம்ம வாய்க்கால்ல கழுத்தளவு வெள்ளம்னாலே எனக்குப் பயம்."

அவளும் சிரித்தாள். பிறகு, "வெளிய யாருகிட்டயும் சொல்லாதேயும்" என்றாள்.

அதற்குள் ஊர் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் வைத்திருந்தது. கிணற்றடியில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள். அந்த வழி அவளுக்குப் பிடித்திருந்தது. அவர் பொய் சொன்னதில்லை. கடலைப் பற்றி யாராவது கேட்டால் பேசாமல் இருந்துவிடுவார். அவளுக்காக அவர் செய்தவற்றில் அந்த மௌனமும் ஒன்று.

மற்றவை எல்லாம் ஊர் அறிந்தவை. இரண்டாவது பிரசவத்தில் பிள்ளை தங்காமல் அவள் படுத்துக் கிடந்த மாதங்களில், கஞ்சி வைத்ததும் மகள் கிளாராவுக்குத் தலைபின்னி விட்டதும் அவர்தான். வகிடு எப்போதும் கோணலாகவே வரும். கடைக்காரர் தங்கப்பன், "கப்பல்காரரே, இப்போ பொண்டாட்டி பட்டாளத்திலயா சேந்திருக்கீரு?" என்று கேட்டதற்கு, "ஆமா வே. சம்பளம் கெடையாது, சோறு உண்டு" என்றாராம். கிளாரா வளையல் கேட்டாள் என்று மண்டைக்காட்டுக் கொடைக்கு அவளைத் தோளில் தூக்கிப் போனார். கோயில் திருவிழாவுக்குப் போனது ஏன் என்று சபை டீக்கன் குமாரதாஸ் விசாரித்தபோது, பிள்ளை கேட்டது என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கிளாராவுக்குப் பன்னிரண்டு வயதான வருஷம் ஐப்பசி மழை நிற்கவேயில்லை. குளம் கரைதொட நிரம்பிவிட்டது. மடையை அடைத்திருந்த கட்டை, தண்ணீருக்கடியில் இறுகிப்போயிருந்தது. வழக்கமாக முங்கித் திறப்பவன் காய்ச்சலில் கிடந்தான். கரை கசியத் தொடங்கியதும் குளத்தடி வயல்காரர் வைகுண்டராஜன் நாலைந்து பேரோடு வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். கடற்கரைக்கு ஆள் போய் முங்கத் தெரிந்தவர்களைக் கூட்டி வருவதற்குள் கரை தாங்குமோ தாங்காதோ என்றார். "ஒம்ம விட்டா இங்க வேற ஆளில்ல ஓய்."

வேலிக்கு அப்புறம் நின்ற பக்கத்து வீட்டுப் பூங்கனி, "கடலையே கண்டவருக்கு இந்தக் கொளம் ஒரு கொளமா?" என்றாள்.

இஸ்ரவேல் சத்தியபாயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. சும்மா பார்த்தார். நீந்தத் தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். ஊர் சிரிக்கும், கிணற்றடியில் வழி மறையும், அவ்வளவுதான். அவராகவே சொல்லிவிடுவார் என்று அவள் இருந்தாள். சொல்லாதே என்று கேட்டவள் தான்தான் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. கொடியில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மடையின் கல்தூணைப் பிடித்துக்கொண்டே அடியில் போனதாகச் சொன்னார்கள். கட்டை விலகி வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. எல்லோரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றதில், அவர் மேலே வராதது தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. அந்தப் பூ விளைச்சலில் ஒருவர் வயலும் அழியவில்லை.

அதன்பின் வருஷந்தோறும் அந்த நாளில் நினைவு ஜெபம் நடக்கும். சமுத்திரத்தை ஜெயித்தவர் என்று டீக்கன் பேசுவார். சத்தியபாய் முன்வரிசையில் குனிந்திருப்பாள். துக்கம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வருஷம் டீக்கன் வீட்டுக்கே வந்தார். கிளாராவின் கல்யாணத்துக்கு முன்னால் மடையருகில் ஒரு கல் நாட்ட வேண்டும், அதில் நங்கூரம் செதுக்க வேண்டும், அவருடைய நீச்சலைப் பற்றி ஒரு வரியும் இருக்கட்டும் என்றார். சத்தியபாய் தலையாட்டினாள். அவர் காப்பியைக் குடித்துவிட்டுக் குடையோடு புறப்பட்டார்.

கிளாரா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சத்தியபாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தானும் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "மக்கா, ஒங்கப்பாவுக்கு நீந்தத் தெரியாது" என்றாள்.

முறத்தில் விரல்கள் நின்றன.

"தெரியும்" என்றாள் கிளாரா. மண்டைக்காட்டுக்குப் போகிற வழியில் வாய்க்காலைக் கடக்கும்போது அப்பாவின் கால் நடுங்கியது, கேட்டதற்கு அவரே சொன்னார் என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமல், "அண்ணைக்கு நானும் வாசல்லதான் நின்னேன். நீ சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள்.

சத்தியபாய் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வரப்பில் டீக்கனின் குடை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

இருவரும் கூப்பிடவில்லை.