சாமான் வழியில் இருக்கிறது

'வந்துடும்' என்பது சாவிக்காரரின் மனைவி வைத்த பட்டப்பெயர். மோட்டார் சைக்கிள் சர்வீஸ் சென்டரில், உதிரிச் சாமான் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. யார் என்ன கேட்டாலும் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, தலையைக்கூடத் தூக்காமல், "வந்துடும் சார்" என்பான். எப்போது என்று கேட்டால் "ஆர்டர் போட்டாச்சு". இன்னும் அழுத்திக் கேட்டால் "வழியில இருக்கு". அது எந்த வழி, எந்தக் காட்டைச் சுற்றிக்கொண்டு வருகிற வழி என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தைரியம் கிடையாது. கோபித்துக்கொண்டால் தன் வண்டியை இன்னும் பின்னால் தள்ளிவிடுவான் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

சாவிக்காரரின் வண்டியில் மேக்னட் காயில் எரிந்துபோயிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான்தான். ஆனால் அது இல்லாமல் எஞ்சின் இருமக்கூட இருமாது. புது மாடல் என்பதால் வெளிக்கடைகளில் டூப்ளிகேட்கூடக் கிடைக்கவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட்ட வண்டி. மழை வந்து, கொட்டி, ஓய்ந்து, இப்போது மண்டையைப் பிளக்கிற வெயில். வண்டி சர்வீஸ் சென்டரின் பின்சுவரோரம் நின்றுகொண்டேயிருந்தது. அதன் கண்ணாடியில் எவனோ கிரீஸ் துடைக்கிற துணியைக் காயப்போட்டிருந்தான். 

பூட்டுத் திறக்கிற தொழிலில் வண்டி இல்லாதவன் பாதி ஆள். வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்குப் பொறுமை இருக்காது. யார் முதலில் வருகிறாரோ அவரிடம் வேலை போய்விடும். இவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் இடிபட்டுப் போய்ச் சேர்வதற்குள் கதவு திறந்திருக்கும், வீட்டுக்காரர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருப்பார். திறந்தது யார் என்று கேட்கவே வேண்டாம். சகலைதான். மனைவியின் அக்காவைக் கட்டியவன். சாதாரண வீட்டுப் பூட்டுக்கு மேல் அவனுக்கு வேலை தெரியாது. ஆனால் அவனிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது, அது ஓடவும் செய்தது.

இதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். ஆனால் நகரத்தின் பெரிய ஓட்டலில் இருந்து அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். அறைக்கு அறை பூட்டு, பெட்டகம்; அவ்வளவையும் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டுமாம். தொழிலில் இறங்கிய நாளில் இருந்து அவர் ஏங்கிய வேலை அது. ஒரு தடவை கிடைத்துவிட்டால் அப்புறம் தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை.

"உங்க வேலையப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க," என்றார் மேனேஜர். "ஆனா கூப்பிட்ட உடனே வந்து நிக்கணும். சொந்த வண்டி கட்டாயம். இந்த மாசக் கடைசிக்குள்ள வண்டியோட வந்தீங்கன்னா வேலை உங்களுக்கு. இல்லேன்னா ஸ்கூட்டர்ல ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போயிருக்காரு, அவருக்குக் குடுத்துருவோம்."

அங்கிருந்து நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனார். நடந்ததை எல்லாம் சொல்லி, கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். வந்துடும் எல்லாவற்றையும் கேட்டான். கம்ப்யூட்டரைத் தட்டினான். "வழியில இருக்கு சார்," என்றான்.

அன்று சாவிக்காரர் கறுவிக்கொண்டு வெளியே வந்தார். ஓட்டல் வேலை இனி நமக்கு இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார். 'என் பிழைப்பில் மண்ணைப் போட்டாய் அல்லவா, நீ ஒரு நாள் என் கையில் மாட்டுவாய்' என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போனார். இப்படிச் சபிக்கிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், யாருக்கும் எதுவும் பலிப்பதில்லை. சாவிக்காரருக்கு மட்டும் அந்த வாரமே பலித்தது.

"சார், சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறேன்," என்றது போன். வந்துடுமின் குரல். சாமான் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் இவருக்கு நெஞ்சு குதித்தது. விஷயம் அதுவல்ல. உதிரிச் சாமான் அறைக்கு இரும்புக் கதவு, வெளிநாட்டுப் பூட்டு. காலையில் திறக்கும்போது சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. கதவை வெட்டக் கூடாது என்று முதலாளி உத்தரவு. "ஸ்கூட்டர்காரர் வந்து பாத்தாரு சார். தன்னால ஆகாது, உங்களால மட்டுந்தான் முடியும்னு சொல்லிட்டாரு."

சாவிக்காரர் போனார். மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். முறிந்த துண்டு விளிம்புக்குப் பக்கத்திலேயே நின்றது. அவர் பையில் இருக்கும் மெல்லிய கொக்கிக் கம்பியை விட்டு இழுத்தால் வந்துவிடும், அப்புறம் பூட்டைத் திருப்புவது ஒரு வேலையே இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"இதுக்குன்னு தனிக் கருவி இருக்கு. ஆர்டர் போடணும்."

"எப்ப சார் வரும்?"

"வந்துடும்," என்றார் சாவிக்காரர்.

அதைச் சொன்னபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது அவருக்கு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் சமையலறையில் நின்றபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, சொல்லுங்க," என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் நடித்தே காட்டினார். வீட்டில் வெகு நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

மறுநாளும் போனார். கருவி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு வரத்தான். கவுண்டருக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. உள்ளே சாமான் இருந்தும் எடுத்துக் கொடுக்க வழியில்லை. மெக்கானிக்குகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வந்துடும் நடுவில் நின்று எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். ஒருத்தர் அவன் சட்டைக் காலரையே பிடித்துவிட்டார். சாவிக்காரர், தான் இத்தனை நாள் உட்கார்ந்து கிடந்த அதே பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். அவனே ஓடிப்போய் டீ வாங்கிவந்து நீட்டினான். 'சார்' போய் 'அண்ணே' வந்திருந்தது.

"அண்ணே, கருவி என்னாச்சுண்ணே?"

"வழியில இருக்கு," என்று டீயை உறிஞ்சினார்.

இன்னும் இரண்டொரு நாள் இப்படியே ஓடியது. ஒரு மத்தியானம் வந்துடும் போன் செய்தான். மூச்சு வாங்கப் பேசினான்.

"அண்ணே, உங்க காயில் உள்ளதான் இருக்கு! கம்பெனியில அந்தச் சாமானோட நம்பரையே மாத்திட்டாங்க. நான் பழைய நம்பர்லயே தேடிட்டு இருந்திருக்கேன். புது நம்பர் போட்ட பெட்டி எப்பவோ வந்துருச்சு. யாரு கேட்ட சாமான்னு தெரியாம நானேதான் அலமாரியில ஓரமாத் தள்ளி வச்சேன். இப்ப வேலை இல்லாம உக்காந்து கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசினப்பதான் தெரிஞ்சுது. கதவ மட்டும் திறந்து குடுங்க, சாயங்காலமே வண்டிய எடுத்துட்டுப் போயிடலாம். என் புள்ளைங்க மேல சத்தியம்ணே!"

சாவிக்காரருக்கு ஒரு நிமிஷம் மனசு தடுமாறியது. நம்பர், அலமாரி, ஓரம் என்று இவ்வளவு விவரமாக ஒருத்தன் பொய் சொல்வானா? மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது. ஓட்டல் வாசலில் தன் வண்டி நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்து போனது. போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"சத்தியம் வேற பண்றானா?" என்றாள் அவள். "இத்தனை நாள் இல்லாத சாமான், அவன் காரியம் ஆகணும்னதும் எங்கேர்ந்துங்க குதிச்சுது? ஆசை காட்டி உங்கள இழுக்கப் பாக்கறான். கதவத் திறந்து விட்டீங்கன்னா உள்ள போய்ப் பாத்துட்டு, 'அய்யோ, வேற மாடல் சாமான்ணே'ன்னு கைய விரிப்பான். போகாதீங்க."

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. எத்தனை முறை இவன் பேச்சை நம்பி, கால் தேய நடந்து, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்! தடுமாறியதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. பொத்தியிருந்த கையை எடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. என் கருவியும் கிட்டத்தட்ட வந்துருச்சு. வழியிலதான் இருக்கு."

அதற்குப் பிறகு அவன் போனை அவர் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓயட்டும் என்று மேஜைமேல் வைத்துவிட்டு, மனைவியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அடிக்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மாதம் முடிந்தது. மனைவியின் அக்கா போன் செய்தாள். "உன் மாமாவுக்கு அந்தப் பெரிய ஓட்டல்ல வேலை கிடைச்சிருச்சுடி. நிரந்தரமாம்!" தங்கை "ரொம்ப சந்தோஷம்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. சாவிக்காரர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். இனி இழுத்தடித்து என்ன ஆகப்போகிறது? நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை அவன் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும். அதற்காகவே போனார்.

சர்வீஸ் சென்டரில் அன்றும் கூட்டம். யாரோடும் பேசாமல் கதவின் முன்னால் மண்டியிட்டார். கொக்கிக் கம்பியை விட்டு முறிந்த துண்டை இழுத்துக் கீழே போட்டார். வேறு கம்பியால் பூட்டைத் திருப்பினார். டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. கதவு திறந்ததும் வந்துடும் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"நில்லுடா!" என்று கத்தினார் சாவிக்காரர். அவன் காதில் விழவில்லை. அவர் கொக்கிக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்: "இந்தக் கம்பி முதல் நாளே என் பையிலதான் இருந்துச்சு! வேணும்னேதான் திறக்கல! என்னைய எத்தனை நாள் அலைய விட்ட? என் பொழப்பையே கெடுத்தியே, நல்லா அனுபவிச்சியா இப்ப?"

அதற்குள் வந்துடும் வெளியே வந்துவிட்டான். தலையில் ஒட்டடை. கையில் சின்ன அட்டைப் பெட்டி. அதை அவரிடம் நீட்டிய பிறகுதான் அவர் சொன்னது அவனுக்கு உறைத்தது போலிருந்தது. கம்பியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். சண்டைக்கு வருவான் என்று அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் போன் பண்ணின அன்னைக்கே எடுத்திருக்கலாமேண்ணே," என்றான் அவன். "ஓட்டல் வேலைன்னு சொன்னீங்களே, அதுக்காகத்தான் அன்னைக்கு விடாம அடிச்சேன்."

சாவிக்காரர் பெட்டியைப் பிரித்தார். அவர் வண்டியின் காயில்தான்.  பின்னால் நின்றவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இத்தனை நாள் தங்கள் வண்டியையும் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தவர் இவர்தான் என்பது அவர்களுக்கும் புரிந்துவிட்டது. மெக்கானிக் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். சாயங்காலம் வண்டி முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.

வீட்டு வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டதும் மனைவி ஓடிவந்தாள். அழுத கண்ணோடு வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்படிங்க? சாமான் எங்கேர்ந்து வந்துச்சு?"

"உள்ளதான் இருந்துச்சு. அவன் சொன்ன அதே அலமாரியில."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.  பிறகு அவளுக்குக் கோபம் வந்தது.

"வாயத் திறந்தா பொய்யி. அவன் உண்மை பேசினது அந்த ஒரு தடவைதான். நமக்கு எப்படிங்க தெரியும்?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அவரும் வழியெல்லாம் அதையேதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தார். ஆனால் நாளைக் காலையில் அந்த ஓட்டலுக்குச் சகலைதான் போகிறான்.