நோட்டீசில் ஆறாவது

சோணகிரி நாடக மன்றத்தார் வருஷத்துக்கு ஆறு நாடகம் போடுவார்கள். தையில் தொடங்கி ஆனி வரை மாதம் ஒன்று, பள்ளிக்கூட ஹாலில், சனிக்கிழமை சாயங்காலம். எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பட்டியலை முடிவு செய்வதற்குள் கார்த்திகை தீபமே வந்து போய்விட்டது. ஐந்து நாடகம் தேறியது. ஆறாவதற்குத் தலைவர் ஒன்று சொன்னார், கதாநாயகர் வேறொன்று சொன்னார், காபி ஆறிப்போயிற்று, கூட்டம் கலைந்துவிட்டது. செயலாளர் அருணகிரி ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து பெயர்களை எழுதினார். ஆறு என்று எண்ணை மட்டும் போட்டு, வேதாவிடம் டைப் அடிக்கக் கொடுத்தார்.

வேதா தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். மன்றத்தில் அவளுக்கு இரண்டு வேலை. வசனங்களை டைப் அடித்துத் தருவது ஒன்று. நாடகத்தன்று பக்கப் படுதாவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, முழிக்கிறவர்களுக்கு வசனத்தை எடுத்துக் கொடுப்பது மற்றொன்று. அவர்களும் முழிப்பதில் குறை வைக்க மாட்டார்கள். ஏழு வருஷமாக ஊரார் கைதட்டியதில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது. வாங்கிக்கொண்டவர்கள் வேறு.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீசே அசந்து கிடந்தது. மார்கழி வெயில் மேஜைமேல் இதமாக விழுந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை. வேதா குடியிருந்த சந்திலும் ஒரு காலத்தில் சமையலறைக் கதவைத் திறந்தால் மலை முழுசாக நிற்கும். போன வருஷம் எதிரில் யாரோ லாட்ஜ் கட்டி மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கதவைத் திறந்தால் சுண்ணாம்புச் சுவர்தான். கணவன் தருமன் பெங்களூர் பஸ் ஓட்டுகிறவன். மலையைப் பார்த்துக்கொண்டே ஊருக்குள் வருகிறவனுக்கு இவள் ஏக்கம் புரியவில்லை. மலை எங்கே போய்விடும் என்று சிரிப்பான். மலை தெரியும் வீடு ஒன்று பார்க்க வேண்டும், மலை தெரியும் வீடு என்று அவள் மனசு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கண் செருகிய நேரத்தில் விரல்கள் அதையே அடித்துவிட்டன. ஆறு, மலை தெரியும் வீடு.

அடித்ததைப் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தாசில்தார் கூப்பிட, அவர் அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் அருணகிரி வந்து தாளை எடுத்துப் போயிருந்தார். எதையும் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை. நான்காம் நாள் ரோஸ் காகிதத்தில் ஐந்நூறு நோட்டீஸ் அச்சாகி, தேரடித் தெரு முதல் செங்கம் ரோடு வரை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் சம்பந்தமூர்த்தி நோட்டீசைச் சத்தமாகப் படித்தார். அவர் கோயில் குருக்கள் வீட்டுப் பிள்ளை. பூஜையைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுத் தமிழ் வாத்தியாராகப் போனவர். ஆறாவதில் அவர் குரல் கொஞ்சம் தடுக்கியது. நாம் இல்லாதபோது முடிவு செய்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். தலைவர் சொல்லியிருப்பார் என்று அருணகிரி நினைத்தார். வேதா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கதாநாயகர் சக்கரபாணி முந்திக்கொண்டார். அவர் பாத்திரக்கடை முதலாளி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மேடையில் மட்டும் இருபத்தைந்து.

"மலை தெரியும் வீடா? மெட்ராஸ்ல ரெண்டு தடவை பார்த்திருக்கேன். மூணாவது காட்சியில மேடையிலயே மழை ஊத்தும்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்ல எந்த மனிதனுக்கு மனசு வரும்? தானும் படித்திருப்பதாகச் சம்பந்தமூர்த்தி சொன்னார். கடைசிக் காட்சியில் கண்ணீர் வந்துவிடுமாம். அந்த வீட்டுக்கார அம்மாள் ஒரு காட்சி முழுக்க வாயே திறக்க மாட்டாள் என்று அருணகிரி தன் பங்குக்குச் சேர்த்தார். வேதாவுக்கு முதலில் பயமாகத்தான் இருந்தது. பிறகு, சொல்ல வெட்கம், ஆசை வந்துவிட்டது. அந்த மழைக்குப் பிறகு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மெட்ராஸிலிருந்து பிரதி வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தையும் மாசியும் அவள் பாதி வேறு உலகத்தில் இருந்தாள். விடியற்காலையில் மலை சுற்றும் பாதையில் நடப்பாள். பனி வயல்மேல் பால்போல் கிடக்கும். அடி அண்ணாமலை தாண்டும்போது யாரோ ஒரு அம்மாள் கூடவே நடந்து வருவதுபோல் இருக்கும். எல்லம்மாள் என்று அவளுக்குப் பெயர் வைத்தாள். எல்லம்மாள் தன் வீட்டு வாசலில், மலை தெரியும் வீடு வாடகைக்கு என்று பலகை மாட்டுகிறாள். வீடு பார்க்க வருகிறவர்கள் ஜன்னலைத் திறக்கிறார்கள். எதிரே வெறும் சுவர். அவள் மனசு நோகக் கூடாதென்று ஒவ்வொருவரும், ஆமாம், நன்றாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மழை கொட்டுகிறது. மழையில் எந்த வீட்டுக்கும் மலை தெரியாது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் நிம்மதி. வேதா வயல் வரப்பில் நின்று வசனத்தைச் சொல்லிப் பார்ப்பாள், தானே அழுவாள், ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுவாள். தாசில்தாருக்குப் போக வேண்டிய கடிதத்தில் ஒருநாள் எல்லம்மாள் என்று அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். இத்தனை சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பள்ளிக்கூடத்து வகுப்பறையில் உட்கார்ந்து படித்தார்கள். டைப் அடித்த பிரதி ஆளுக்கு ஒன்று. முதல் பக்கத்தில் பெயர் மட்டும்தான், எழுதியவர் பெயர் இல்லை. மூன்றாம் காட்சியில் மழை வந்ததும் சக்கரபாணி நிமிர்ந்து எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். நான்காம் காட்சியில் எல்லம்மாள் வாயே திறக்கவில்லை. அருணகிரி பயந்துபோனவர்போல் பக்கத்தைத் திருப்பினார். கடைசிக் காட்சியில், வீடு பார்க்க வந்த ஒருவன், எனக்கு எதுவும் தெரியவில்லை அம்மா என்று சொல்கிறான். எனக்கும்தான் தெரியவில்லை என்கிறாள் எல்லம்மாள், முதல் தடவையாக. இருவரும் ஜன்னலோரம் உட்கார்கிறார்கள். சம்பந்தமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதியவர் பெயரைப் போஸ்டரில் போடாமல் விடுவது பாவம் என்றார். பார்த்தவர் சக்கரபாணிதானே, அவரையே கேட்டார். சக்கரபாணி உத்தரத்தைப் பார்த்தார். ராமன், யாரோ ராமன், இப்போது பம்பாயில் இருக்கிறார் என்றார்.

"எழுதிக்கோம்மா வேதா. ராமன்" என்றார் தலைவர்.

வேதா பேனாவை எடுத்தாள். எழுதிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. நாடகம் நடக்கும், அவள் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பாள், எல்லம்மாள் பம்பாய் ராமனுக்குப் பிறந்தவளாகிவிடுவாள். உண்மையைச் சொன்னால் இந்த மூன்று பேரும் பொய்யர்கள். நல்லவர்கள்தான், அதிலும் சம்பந்தமூர்த்தி அவளைத் தங்கைபோல் நடத்துகிறவர். அந்த அறையில் அவர் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க அவளுக்கு மனசில்லை. எல்லம்மாளை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. பேனாவை மூடி வைத்தாள்.

"ராமன்னு யாரும் இல்லீங்க சார். நான்தான் எழுதினேன். நோட்டீசு அடிக்கறப்போ அப்படி ஒரு நாடகமே கிடையாது."

அருணகிரிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. வேதாவுக்கு, பேசாமல் இருந்திருக்கலாமே என்று அழுகை முட்டியது. சம்பந்தமூர்த்தி பிரதியைத் திரும்பவும் முதல் பக்கத்துக்குப் புரட்டி, அவள் பெயர் இல்லாத இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"நான் எதையும் படிக்கலைம்மா. இன்னிக்கித்தான் படிச்சேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் பேனாவாலேயே அந்த இடத்தில் வேதா என்று எழுதினார்.

எல்லோரும் சக்கரபாணியைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வாசல் வரை போய் நின்றார்.

"நான் மெட்ராஸ்ல பார்த்தது வேறம்மா" என்றார். "அது இவ்ளோ நல்லா இல்லை."