ஆறு கிளைகள்

பனிக்காலம் தொடங்கிவிட்டால், விமானத்தில் ஏறுவதற்கு முன்பு டோர்கெல் கோடரியோடு காட்டுக்குள் போய்விடுவான். ஊசியிலை மரக் கிளைகள் பதினைந்தை வெட்டி, ஒட்டியிருக்கும் பனியை உதறி, இருக்கைக்குப் பின்னால் அடுக்குவான். உறைந்த ஏரியில் இறங்குமுன் தாழப் பறந்து, அவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே எறிவான். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும் நாள்களில், தரை இங்கேதான் இருக்கிறது என்று விமானியின் கண்ணுக்குக் காட்ட அந்தக் கறுத்த கிளைகளை விட்டால் வேறொன்றும் இல்லை.

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள லாப்லாந்தின் ஏரிக்கரைகளில் குடியிருப்பவர்கள் விமானிகளுக்காக இப்படிக் கிளைகளை வரிசையாக நட்டு வைப்பது வழக்கம். ஆனால் பிறர் நட்ட கிளைகளைப் பார்த்து இறங்க டோர்கெலுக்கு ஓராண்டாக மனம் வரவில்லை. "காட்டையே கட்டிக்கிட்டுப் பறக்குறான்" என்று மற்ற விமானிகள் கேலி செய்வார்கள். அவன் சிரிப்பதோடு சரி.

ஜனவரி இறுதியில் ஒரு நண்பகலில், அவன் ராக்னாவை ராவ்யாவ்ரே ஏரிக்கு ஏற்றிச் சென்றான். அந்த ஏரிக்கரைக் குடிலில் இருபது ஆண்டுகள் தனியாக வாழ்ந்து வானிலையைக் குறித்து அனுப்பியவள் அவள். சென்ற பிப்ரவரியில் ஈங்வே என்ற விமானி அங்கே தரை தெரியாமல் பனிக்குள் பாய்ந்து இறந்தான். தேடிப் போனவர்கள் ஏரியில் ஒரு கிளையைக்கூடக் காணவில்லை. ஆறு கிளைகள் நட்டேன், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புக் கம்பளி நூல் கட்டினேன் என்று ராக்னா சொன்னதை யாரும் நம்பவில்லை. கடையில் அவளைக் கண்டால் பேச்சு நின்றது. குடிலைப் பூட்டிவிட்டு ஊருக்குள் ஒரு வாடகை அறையில் ஒடுங்கியவள், தன் தறியை எடுத்து வரத்தான் இப்போது போகிறாள்.

"மத்த மூணு பேரும் முடியாதுன்னுட்டாங்க. நீ எப்படி ஒத்துக்கிட்டே?" என்றாள் ராக்னா.

"எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல."

"பொய் சொன்னா உன் காது செவக்குது, டோர்கெல்."

"அது குளிருக்குச் செவக்குது."

"அப்போ என் காதும் செவந்திருக்கணுமே."

அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கிளைகள் நட்டதாக அவள் சொன்னது பொய்யில்லை என்பதை அறிந்த ஒரே மனிதன் அவன்தான். ஈங்வே இறந்த நாளின் காலையில் தபாலோடு அங்கே இறங்கியவன் அவன். விமானம் நிற்கும்போது சக்கரங்களுக்குப் பதிலாக அதற்கிருக்கும் சறுக்குக் கட்டைகள் பனியோடு உறைந்து ஒட்டாமலிருக்க அடியில் கிளைகள் போட வேண்டும். காடு இருநூறு அடி தள்ளி இருந்தது. நட்ட கிளைகளோ கையருகே இருந்தன. ராக்னா ஏரியின் மறுகோடியில் வலை பார்க்கப் போயிருந்தாள். திரும்ப நட்டுவிடலாம் என்று ஆறையும் பிடுங்கி அடியில் போட்டான். மேகம் இறங்கவே, அவசரமாகக் கிளம்பினான். அவன் விட்டுப்போன இடத்திலேயே அன்றைய பனி அவற்றை மூடியது. கோடையில் உருகிய ஏரி விழுங்கியது.

ராவ்யாவ்ரேயை நெருங்கியபோது, பின்னாலிருந்த மலைக் கணவாய் மேகத்தில் மறைந்துவிட்டது. திரும்ப வழியில்லை. எரிபொருளும் அதிகம் இல்லை. கீழே ஏரி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

டோர்கெல் கிளைகளை எறிந்தான். பொடிப்பனி அவற்றைத் தடமில்லாமல் விழுங்கிக்கொண்டது. கிணற்றில் கல் போட்டாலாவது சத்தம் கேட்கும். பதினைந்தும் தீர்ந்தன.

"அதோ பாரு" என்றாள் ராக்னா மெல்ல.

வெள்ளையின் நடுவே ஆறு கறுப்புப் புள்ளிகள், நூல் பிடித்தாற்போல நேராக. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பாக ஏதோ ஆடியது.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. கடைசியா இருந்தது நான்தான்."

வேறு வழியில்லை. இயந்திரத்தின் ஓசையை ஒரே சீராகக் குறைத்து, மூக்கைச் சற்றே தூக்கி, தரையைத் தேடாமல் கிளைகளை மட்டும் இடப்பக்கம் வைத்துக்கொண்டு அவன் இறங்கினான். முதல் கிளை கடந்தது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் கட்டைகள் பனியைத் தொட்டன. விமானம் வழுக்கி, தளர்ந்து, நின்றது.

இயந்திரம் அடங்கியதும் அமைதி காதை அடைத்தது. டோர்கெல் இறங்கித் திரும்பிப் பார்த்தான். அவனுடைய கட்டைகளின் தடங்கள் இரண்டு மட்டும் நீண்டு கிடந்தன. கிளைகள் இல்லை. மனிதக் காலடியும் இல்லை.

"இங்க வா" என்றாள் ராக்னா. அவள் விமானத்தின் அருகே மண்டியிட்டிருந்தாள்.

இடது கட்டையின் அடியில் மூன்று கிளைகள், வலது கட்டையின் அடியில் மூன்று. அன்று அவன் போட்ட அதே அடுக்கு. வெட்டுவாயில் பிசின் ஈரமாக மின்னியது, இப்போதுதான் வெட்டியதுபோல. ராக்னா சிவப்பு நூலின் முடிச்சை விரலால் தடவினாள். அது அவளுடைய முடிச்சு. பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நான்தான் பிடுங்கினேன்" என்றான் டோர்கெல். "காடு வரைக்கும் நடக்கச் சோம்பல். திருப்பி நடல. அப்புறம் ஈங்வே வந்துட்டான்."

"ஒரு வருஷம்" என்றாள் அவள். "கடைக்காரன்கூட என் முகத்தைப் பாக்கல."

"தெரியும். ரெண்டு தடவ நானும் அங்க நின்னேன்."

மணி இரண்டு ஆகப்போகிறது. அந்த வட்டாரத்தின் விமானங்களும் குடில்களும் தினமும் வானொலியில் தம் இருப்பைச் சொல்லும் நேரம் அது. ஈங்வேயின் மனைவியும் அந்த நேரத்தில் வானொலியை அணைப்பதில்லை. டோர்கெல் விமானத்தில் ஏறி ஒலிவாங்கியை எடுத்தான்.

"எல்லாரும் கேளுங்க. போன பிப்ரவரியில ராவ்யாவ்ரேல ராக்னா ஆறு கிளை நட்டிருந்தா. அதப் பிடுங்கினது நான். ஈங்வே செத்தது என்னால. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

வானொலி இரைந்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "யாரு பேசுறது?" என்றது. அது ஈங்வேயின் மனைவியின் குரல்.

அவன் ராக்னாவைப் பார்த்தான்.

"சொல்லு. முழுப் பேரோட சொல்லு" என்றாள் அவள்.

அவன் முழுப் பெயரோடு, இம்முறை நிதானமாக, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.