மோகனப்ரியா விற்காத பலாச்சுளை

காசோடு வந்த ஐயாயிரம் பேரைக் கைகூப்பித் துரத்திய ஒரு முதலாளியை நான் பார்த்திருக்கிறேன். வரிசை கல்லூரிக்குள் தொடங்கித் திருவரங்குளம் கோயில் கோபுரம்வரை நின்றது. முதலாளிக்கு வயது இருபத்திரண்டு.

அன்று அங்கே எம்.பி.ஏ. மாணவர்களின் சந்தை நாள். கடைக்கு ஒரு முதலாளி, ஒரு மேனேஜர். அதிகம் விற்கும் கடைக்குக் கேன்டீன் பக்கத்தில் ஒரு வருஷத்துக்கு வாடகையில்லாத இடம். ஓய்வுபெற்ற மில் மேனேஜரான நான் சிறப்பு விருந்தினர். அதே மில்லில் யூனியன் தலைவராயிருந்து என் தூக்கத்தைக் கெடுத்த ஆத்மநாதனும் உடன் வந்திருந்தார்.

"முதலாளிகள் யோக்கியர்கள் என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். ஃபேன் மட்டும் ஆடியது.

"மேனேஜர்கள்?"

பிளெஸ்ஸி என்ற மாணவி எழுந்தாள். "மொதலாளி சொன்ன அதே பொய்யத்தான் சார் அவங்களும் சொல்லுவாங்க. இங்கிலீஷ்ல சொல்லுவாங்க, அம்புட்டுத்தான்."

ஆத்மநாதன் கைதட்டிய வேகத்தில் உள்ளங்கையில் புகை வந்தது.

கடைசி பெஞ்சில் மோகனப்ரியா எழுந்தாள். "நான் பலாப்பழக் கம்பெனி ஆரம்பிக்கப் போறேன் சார். அதுக்குள்ள திருடின்னு எப்புடி ஒத்துக்கிறது?"

"சாயங்காலம் பாப்போம்டி!" என்றாள் பிளெஸ்ஸி. வகுப்பே சிரித்தது.

மதியத்துக்குள் மோகனப்ரியா வீட்டு மரத்துப் பழமெல்லாம் தீர்ந்துவிட்டது. அவளுடைய மேனேஜர் ஜெபக்குமார் வெளியே ஒரு வியாபாரியிடம் வாங்கி வந்து இறக்கினான். வெட்டிப் பார்த்தால் தோல் மஞ்சள், சுளை வெளுப்பு, வாசனையே இல்லை.

"கார்பைடு கல்லு வச்சுப் பழுக்க வச்சதுடா" என்றாள்.

"தேன ஊத்திக் குடுத்தா எவனுக்குத் தெரியும்? பிளெஸ்ஸியோட எலுமிச்சை ஜூஸ் கடை நம்மள நெருங்கிருச்சு. இத வித்தாத்தான் எடம் நமக்கு!"

வரிசையைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "இந்தப் பழம் சரியில்லைங்க. தயவுசெஞ்சு போயிருங்க" என்று கும்பிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆத்மநாதன் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம் சொன்னேன்.

"யோவ், ஒன் புளுகுக்கு அளவே இல்லையா? மொதலாளியாவது, விக்க மாட்டேங்கிறதாவது! அப்புடியே சொல்லியிருந்தாலும் அது வெளம்பரம்யா. கூட்டம் கலைஞ்சதும் பின்பக்கமா தள்ளிவிட்டுருவா."

"போய்க் கேட்டுத்தான் பாருமேன்."

கடைக்குப் பின்னால் போனார். நான் சுவரோரம் காதை அனுப்பினேன்.

"ஏம்மா, என் மருமகன் ஓட்டல் வச்சிருக்காரு. மொத்தத்தையும் எடுத்துக்கிறேன். பில்லப் போடு, போட்டியில நீதான் மொதல்ல வருவே. வெளிய தெரியாது."

ஆத்மநாதனுக்கு மகளே கிடையாது. மருமகன் எங்கிருந்து வந்தாரோ!

அவள் கை பில் புத்தகத்தின் மேல் இருந்தது.

"ஓட்டல்ல சாப்பிடுறவங்களுக்கும் வயிறு இருக்குல்லங்கய்யா" என்றாள் கடைசியில். "ஜெபா, குழி தோண்டுடா."

ஜெபக்குமார் முனகிக்கொண்டே மண்வெட்டியை எடுத்தான். ஆத்மநாதனும் விடவில்லை, விலையை ஏற்றினார், கெஞ்சினார், கோபித்தார். அவர் பேசப் பேசப் பழங்கள் குழிக்குள் போயின.

இடம் பிளெஸ்ஸிக்குப் போனது. பரிசு வாங்க மேடையேறியவள், கைதட்டிக்கொண்டிருந்த மோகனப்ரியாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஆத்மநாதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வம்பளக்க வாய் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"எம்புட்டோ கேட்டும் குடுக்கலய்யா" என்றார். "நடந்துச்சு. எங்கிட்டயேதான் நடந்துச்சு."